நடுவில் உட்கார்ந்து பெண் பார்த்தவன்

பெண் பார்க்கப் போகிறவனுக்கு வேலை ஒன்றே ஒன்றுதான், பெண்ணைப் பார்ப்பது. அதில்தான் நான் கோட்டை விட்டேன். இத்தனைக்கும் எனக்கு வேலை ஹட்டன் டவுனில் மூக்குக்கண்ணாடிக் கடையில். (சிரித்துக்கொள்ளுங்கள், பழகிவிட்டது.)

பெண்ணின் பெயர் சுகந்தி. டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அதற்கு முன் பார்த்த இடங்களெல்லாம் தட்டிப் போயிருந்தன. மாப்பிள்ளை வாயையே திறக்கவில்லை என்பதுதான் எல்லா வீட்டாரும் சொன்ன குறை. இதுவும் போனால் இனிமேல் பெண் தேடவே மாட்டேன் என்று அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டார். எனக்கோ போட்டோவைப் பார்த்ததிலிருந்தே சுகந்தியைப் பிடித்துப் போயிருந்தது. இந்தத் தடவை எப்படியாவது பேசிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

பெண் வீடு லயத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்று. அங்கே ஒரு வீட்டில் டீ ஆற்றினால் பத்து வீட்டுக்குக் கேட்கும். பெண் பார்க்க வந்தது சரிவராமல் போனால் கேட்கவே வேண்டாம். அதனால் சுகந்தியின் சித்தப்பா ஒரு வழி சொன்னார். தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டு ஆட்கள் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஆற்றில் படகு விடப் போகிறார்கள்.

"நீங்களும் சும்மா வர்ற மாதிரி வாங்க தம்பி. புடிச்சிருந்தா பேசுவோம். இல்லேன்னா ஆத்தோட போகட்டும்."

போனேன். ஐப்பசி மாதத்து மூடுபனி, அக்கரை தெரியவில்லை. படகுக்காரர் எல்லோருடைய போனையும் வாங்கி ஒரு நீல பீப்பாயில் போட்டு மூடினார். என் கண்ணாடியையும் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு எனக்கு இக்கரையும் தெரியவில்லை. ஆரஞ்சு நிறத்தில் சில உருவங்கள் நடமாடின. எல்லோருக்கும் ஒரே மாதிரி லைஃப் ஜாக்கெட், ஒரே மாதிரி ஹெல்மெட்.

சித்தப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. தினமும் காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்தி, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புகிறவர். ஆற்றங்கரையிலும் எங்களை அப்படியே வரிசையில் நிறுத்தினார்.

"நீங்க மூணு பேரும் அந்தப் படகு. நீ இதுல முன்னுக்கு. நீ பின்னுக்கு. தம்பி, நீங்க நடுவுல."

முன்னால் ஒரு ஆரஞ்சு ஏறியது, பின்னால் ஒரு ஆரஞ்சு ஏறியது. பெண்ணும் துணைக்கு அவள் சித்தியும் என்னோடு வருவார்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இதில் யார் யார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் பெரட்டில் எதிர்க்கேள்வி கேட்கிற பழக்கம் எங்கள் பரம்பரைக்கே கிடையாது. சொன்ன மலைக்குப் போவோம். நானும் சொன்ன இடத்தில் உட்கார்ந்தேன்.

முன்னால் இருந்தவருக்கு ஹெல்மெட்டுக்குக் கீழே நீளமான பின்னல். பின்னால் இருந்தவர் குளிருக்கு மப்ளரால் வாயைக்கூட மூடியிருந்தார். பெண்ணைக் கண்ணுக்கு முன்னால்தானே உட்கார வைப்பார்கள்? சந்தேகமே இல்லை, பின்னல்தான் பெண். (என் அறிவு அவ்வளவுதான்.)

படகு கிளம்பியது. நான் துடுப்புப் போட்டால் அது வட்டமடித்தது.

"அந்தப் பக்கம் போடுங்க," என்றது பின்னால் இருந்த மப்ளர். கொஞ்சம் கழித்து, "போதும், நிறுத்துங்க."

"சரிங்க அத்தே," என்றேன் பணிவாக.

பிறகு பின்னலிடம் திரும்பினேன். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் எனக்கு என்றுமில்லாத தைரியம் வந்திருந்தது.

"நீங்க டீச்சர் வேலைய விட வேணாங்க."

"முருகா," என்றது பின்னல்.

நல்ல பக்தியான பெண் என்று நினைத்துக்கொண்டேன். "நான் நல்லா சமைப்பேன். அம்மாவுக்குத்தான் அது புடிக்காது. ஆனா நீங்க ஸ்கூல்லேருந்து வர்றப்ப சோறு ரெடியா இருக்கும்."

"முருகா, முருகா."

பின்னாலிருந்து இருமல் சத்தம் கேட்டது. நான் குனிந்து குரலைத் தாழ்த்தினேன். "ஒங்க சித்தி ரொம்ப அதிகாரம் போல. கல்யாணத்துக்கப்புறம் அடிக்கடி வருவாங்களா?"

பின்னல் திரும்பியது. வெற்றிலை போட்டுச் சிவந்த வாய். அம்மா வயதில் ஒரு முகம்.

"சித்தி நாந்தாங்க தம்பி," என்றார் அவர்.

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. என்ன ஏது என்று பார்க்க எழுந்து நின்றேன். படகில் எழுந்து நிற்கக் கூடாது என்று படகுக்காரர் சிங்களத்திலும் தமிழிலும் சொல்லியிருந்தார். மூன்று பேரும் தண்ணீருக்குள் போனோம். இடுப்பளவு ஆழம்தான். ஆனாலும் நான் முழுகப் போகிறவனைப் போல மப்ளரைப் பிடித்துக்கொண்டு, "அத்தே, பயப்படாதீங்க," என்று கத்தினேன்.

"நான் அத்தை இல்லீங்க."

"அப்ப நீங்க யாரு?"

"நீங்க பாக்க வந்த ஆளு."

அப்போதாவது நான் ஏதாவது பேசியிருக்கலாம். பேசவில்லை. வாய் பழையபடி பூட்டிக்கொண்டது. போச்சு, இதுவும் போச்சு, அம்மாவுக்கு என்ன சொல்வேன் என்று நடுங்கிக்கொண்டே கரையேறினேன். வெட்கம் பாதி, குளிர் பாதி.

சித்தப்பா ஒன்றும் நடக்காததுபோல எங்களையும் வரிசையில் நிறுத்தினார். "என்னா சுகந்தி, மாப்பிளைய புடிச்சிருக்கா?"

சுகந்தி மப்ளரைப் பிழிந்தாள். "அவரு எங்கிட்ட ஒரு வார்த்தையும் பேசல சித்தப்பா. எல்லாம் சித்திகிட்டதான் சொன்னாரு. அவங்களையே கேளுங்க."

சித்தப்பா தன் மனைவியைப் பார்த்தார். நனைந்த பின்னலை உதறியபடி சித்தி சொன்னார், "எனக்குப் புடிச்சிருக்கு. இருபது வருசமா ஒங்களோட இருக்கேன், ஒரு நாளாவது சோறாக்கிப் போட்டிருக்கீங்களா?"

சுகந்தி சிரித்துக்கொண்டே தலையாட்டினாள் என்று பிற்பாடு சொன்னார்கள். கண்ணாடி இல்லாத எனக்குத் தெரியவில்லை.

அடுத்த தையில் கல்யாணம். டயகமப் பக்கம் இன்றைக்கும் எனக்குப் பெயர் 'சித்திக்குப் பாத்த மாப்பிளை'. வருசா வருசம் தீபாவளிக்கு அந்தச் சித்தி எங்கள் வீட்டுக்கு வருவார். வந்ததும் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, சோறு ரெடியா என்று கேட்பார். சுகந்தியிடம் கரண்டியை நீட்டினால் வாங்கமாட்டாள்.

"எனக்கென்னாங்க தெரியும்," என்பாள். "வாக்கு குடுத்தது அவங்களுக்குத்தானே."