குருவின் கழுத்தில் ஆடிய பேய்

ஊரில் யாருக்குத் தலை சுற்றினாலும் சரி, கால் தானாக ஸ்கேன் குருவின் வீட்டுக்கு நடந்தது. வாசலில் டோக்கன், மாடிப்படி முழுக்கச் செருப்பு. மூடிப்போன கிளினிக் ஒன்றிலிருந்து பழைய ஸ்கேன் மெஷினை வாங்கிவந்து, நோயாளிகளின் கழுத்துக்குள் குடியிருக்கும் பேயைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தார் அந்த மகான். விஞ்ஞானம் எவ்வளவு முன்னேறிவிட்டது பாருங்கள்!

விளம்பரப் பலகை எழுதும் பெயிண்டரம்மாவும் அந்த வரிசையில் நின்றாள். அவளுக்குத் தைராய்டு கோளாறு. உடம்பைக் காக்க வேண்டிய காவல்படையே தைராய்டு சுரப்பியைப் போட்டு அடிக்கிற வகை. கூடவே தலைசுற்றல். ஏணி மேல் நிற்கும்போது சுற்றினால் கதை முடிந்தது. சில நாள் முன்புதான் ஆஸ்பத்திரியில் இதைப் பற்றியே ஓர் ஆராய்ச்சி நடந்தது. அவள் கழுத்திலும் ஸ்கேன் வைத்துப் பார்த்தார்கள்.

"தலைசுத்தலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு பாத்துட்டிருக்கோம். இன்னும் தெரியல. மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார் டாக்டர்.

டாக்டருக்கே தெரியவில்லையா? போதாதா! லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் அன்றே குருவின் சீடனாகிவிட்டான். மாத்திரை டப்பாவைத் தன் டூல்ஸ் பையில் போட்டுப் பூட்டினான். "ஒரே ஒரு தடவை குருகிட்ட வா. அப்புறம் தரேன்" என்று அடம்பிடித்தான். அவளுக்கு எரிச்சலும் வந்தது, பயமும் வந்தது.

குரு அவள் கழுத்தில் களிம்பு தடவிக் கருவியை வைத்தார். திரையில் ஒரு கறுப்பு வட்டம் பொதுக் பொதுக்கென்று துடித்தது.

"பாத்தியாம்மா, எப்படி ஆடுதுன்னு! மாத்திரைதான் இதுக்குத் தீனி. அதைத் தூக்கி எறிஞ்சிட்டு நான் மந்திரிச்சு விக்கிற கழுத்துப் பட்டையை வாங்கிக் கட்டு."

கூட்டம் வாயைப் பிளந்தது. கணவனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"சரிங்க குருவே. பேய் இல்லாத கழுத்து எப்படி இருக்கும்னு தெரிஞ்சா ஒத்துப் பாக்கலாம். உங்க கழுத்துல ஒருதரம் வைங்களேன்" என்றாள் அவள்.

"என் சக்தியை மெஷின் தாங்காது."

தப்பித்திருப்பார். பக்தர்கள் விட்டால்தானே? "குருவோட கழுத்துல ஒளி தெரியும்! காட்டுங்க குருவே!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். ஒருவர் களிம்பையே அப்பிவிட்டார். கணவன் பக்தியோடு கருவியை வைத்தான்.

அதே கறுப்பு வட்டம். அதே பொதுக் பொதுக். குரு பதறப் பதற, பேய் குத்தாட்டமே போட்டது.

"ஐயோ, குருவையே பிடிச்சிடுச்சு!" என்று அலறினார் ஒரு பெரியவர்.

"யாரையும் பிடிக்கலைங்க. அது தலைக்கு ரத்தம் போற குழாய். ஆஸ்பத்திரியில எனக்குக் காட்டியே சொன்னாங்க. எல்லாருக்கும் ஆடும். ஆடலைன்னாதான் அழணும்!"

நம்பாமல் கணவன் தன் கழுத்தில் வைத்துப் பார்த்தான். ஆடியது. பெரியவருக்கும் ஆடியது. அவரவர் பேயைப் பார்க்கத் தள்ளுமுள்ளு நடந்த சாக்கில், குரு கழுத்தில் களிம்போடு நழுவி, படியில் கிடந்த செருப்புகள் மேல் உருண்டு, தெருவில் ஓடினார்.

கணவன் அசடு வழிய டூல்ஸ் பையைத் திறந்தான். "தப்புதாம்மா. பயந்துட்டேன்."

அவள் அங்கேயே மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"கழுத்துக்குள்ள இருக்கிறதைப் பாக்கத்தாங்க மெஷின் வேணும். கழுத்துக்கு மேல இருக்கிறதை உபயோகிக்க ஒண்ணும் வேணாம். அப்பப்போ உபயோகிங்க!"