சுவருக்குள் அழுத மாலுமி

தைவானின் கீலுங் துறைமுகத்துக்குப் பின்னால் எங்கள் சந்தில் அந்த ஏழாம் மாதம் நிற்க இடமில்லை. பேய்களுக்கு விடுமுறை விடுகிற மாதம் அல்லவா! லியாவ் ஷியூ-ச்சின் வீட்டுச் சுவருக்குள், கடலில் மூழ்கிச் செத்த மாலுமி ஒருவன் குடிவந்து அழுகிறானாம். பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது, ஈரம் கசிந்தது. பாதி வருஷம் மழை பெய்கிற ஊரில் சுவர் நனைந்தால் பேயைத் தவிர வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

கண்டுபிடித்தவர் மந்திரவாதி காவ். கையில் இரண்டு ஊசி வைத்த சின்னப் பெட்டி. காய்ந்த சுவரில் குத்தினார், சத்தமில்லை. ஈரச் சுவரில் குத்தினார், 'கீ...' என்று அலறியது. கூட்டம் ஊதுவத்தியோடு குனிந்தது.

"அழுகை கேட்டுச்சா? மாசம் முடியறதுக்குள்ள வீட்டை வித்துடும்மா. இல்லேன்னா உன்னையும் இழுத்துக்கிட்டுப் போயிடுவான்."

"நாலு நாள்தானே இருக்கு! யாரு வாங்குவாங்க, குருவே?"

வாங்க ஒரு தியாகி தயாராக நின்றார்: குருவின் மைத்துனர். பேய் வீடு என்பதால் பாதி விலைதானாம்.

இருபத்திரண்டு வருஷம் மீன் உருண்டை விற்று வாங்கிய வீடு. ஷியூ-ச்சின் கையெழுத்துக்குப் பதிலாகப் பத்திரத்தில் குத்துகிற பெயர் முத்திரையை எடுத்துவிட்டாள்.

"அக்கா, முத்திரையை உள்ள வை!"

கத்திக்கொண்டே வந்தவள் பெய்-லிங். வீடுகளில் ஒழுகல் கண்டுபிடித்து அடைப்பதுதான் அவள் பிழைப்பு. காவ் கையிலிருந்த பெட்டியை வெடுக்கென்று பிடுங்கி, படையல் மேஜைக் கொய்யாவில் குத்தினாள். 'கீ...!'

"ஐயோ, கொய்யாவுக்குள்ளயும் மாலுமி!" என்று நக்கலடித்தாள்.

அடுத்து குருவின் உள்ளங்கையில் அழுத்தினாள். இன்னும் பலமாகக் 'கீ...!' பாவம், வேர்த்திருந்தது.

"பலகை காய்ஞ்சுதா, சுவர் காய்ஞ்சுதான்னு பார்க்கிற கருவி இது. கடையில தொங்குது. தண்ணி எங்க இருந்தாலும் கத்தும்."

"அப்போ சுவருக்குத் தண்ணி எங்கேர்ந்து வருது?" என்று எகிறினார் மாடி வீட்டு யூ. காலையிலிருந்து "பேய்தான்!" என்று அதிகம் கூவியவர் அவர்தான்.

பெய்-லிங் விறுவிறுவென்று மாடியேறி, அவர் குளியலறையில் சிவப்புச் சாயத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினாள். கீழே நாங்கள் இரண்டு சுற்று தேநீர் குடித்தோம். சுவரில் சிவப்பாகக் கசிந்தது.

"ரத்தம்!" என்று அலறி வாசலுக்கு ஓடினார் யூ.

"ரத்தமில்ல மாமா. நீங்க குளிச்ச தண்ணி போற வழி!"

சிரிப்பு அடங்கியபோது குருவும் இல்லை, மைத்துனரும் இல்லை. ஷியூ-ச்சின் முத்திரையைப் பைக்குள் போட்டுக்கொண்டு மாடி வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

"யூ அண்ணே, மூணு வாரமா நீங்க குளிச்ச தண்ணிக்கா நான் ஊதுவத்தி ஏத்தினேன்?"

சுவர் நனைந்தால் முதலில் மாடிக் குழாயைப் பாருங்கள், மக்களே. மூளையும் உபயோகிக்கத்தான் இருக்கிறது, தேய்ந்துவிடாது.