ஊற்றிக் காட்டுகிறவர்

“ஊத்தாத! ஏட்டி, ஊத்தாத!”

முத்துநாயகம் அலறியபோது விக்டோரியாவின் கையில் வாளியே இல்லை. பிழிந்து பிழிந்து நூலாய்ப் போன ஒரு துணி இருந்தது, அவ்வளவுதான்.

எச்சரிக்கைக்காரர் என்ற இனத்தை நீங்கள் பார்க்காமல் இருக்க முடியாது. கருங்கல் சந்தையில் நீங்கள் தாண்டி முடித்த குழியைக் காட்டி “குழி” என்பார், ஊதி ஊதி ஆறவைத்த காப்பியைப் பார்த்து “சூடு” என்பார், பஸ்ஸில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பவரிடம் “விழுந்துராதேயும்” என்பார், நாம் தப்பித்ததெல்லாம் தம்மால்தான் என்று ராத்திரி நிம்மதியாகத் தூங்குவார். அவருக்கு வேறென்ன வேண்டும்?

முத்துநாயகம் மேஸ்திரியாக இருந்தது ஒரு பித்தளைத் தகட்டுப் பட்டறையில். கோயில்களுக்கும் கடைகளுக்கும் தகட்டில் எழுத்து வெட்டுவார்கள். மெல்லிய தகடு. இறுக்கிப் பிடித்தால் வளையும். அதனால் மேசை முழுக்கத் துளைபோட்டு, கீழே ஒரு பம்பு வைத்து, காற்றை உறிஞ்சித் தகட்டைப் படியவைப்பார்கள். அந்தப் பம்புக்குத் தண்ணீர் ஆகாது. மேசையைத் துடைக்கும் முன் வால்வை அடைக்க வேண்டும். துணியைப் பிழிந்து துடைக்க வேண்டும். பம்புக்குப் போகும் குழாயில் இருக்கும் கண்ணாடிக் குப்பியில் ஈரம் சேர்ந்தால் கொட்டிவிட வேண்டும். விக்டோரியா இதைத் தினமும் செய்தாள், வாயைத் திறக்காமல். முத்துநாயகம் இதைத் தினமும் சொன்னார், கையை அசைக்காமல்.

அவளுக்குப் பயம் இருந்தது. மூன்று மாதம் முன்பு பம்பில் தண்ணீர் ஏறியது. அன்று துடைக்கும் முறை அவளோடு வேலை பார்த்த கிருஷ்ணமணிக்கு. “நான் ஊத்தல்ல முதலாளி, அண்ணாச்சிதான் காட்டித் தந்தாரு” என்று அவன் முத்துநாயகத்தைக் கைகாட்டிச் சொன்னபோது பட்டறையே சிரித்தது. சிரித்தவர்களில் விக்டோரியாவும் உண்டு. அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு முதலாளி சட்டம் போட்டார்: இனி பம்பு நனைந்தால், அன்று துடைக்கும் முறை யாருக்கோ அவருக்கு வேலை இல்லை.

இன்றைய முறை விக்டோரியாவுக்கு. அவள் வால்வை அடைக்கப் போன நேரத்தில் சபைக்கான தகட்டைப் பார்க்கப் போதகர் வந்தார். நல்ல மனுஷர். கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டார்.

“இதைத் தண்ணி ஊத்திக் கழுவினால் என்ன?”

முத்துநாயகத்தின் முகம் மலர்ந்தது. இருபது வருஷ எச்சரிக்கைக்கு இப்படி ஒருவர் காது கொடுத்ததில்லை.

“வெள்ளம் ஒரு துளி கேறினாப் போதும் ஐயா, பம்பு போச்சு! ஏட்டி, தள்ளு. சில பேரு எப்படி ஊத்துவான் தெரியுமா? வாளிய இப்படித் தூக்குவான். இப்படிச் சரிப்பான். இப்படி…”

“அண்ணாச்சி, வால்வு அடைக்கல்ல!”

“நீ பொறு. இப்படி ஊத்தவே கூடாது.”

ஊற்றினார். துணி நனைக்க வைத்திருந்த வாளி முழுவதையும். மேசை அதை ஒரே மடக்கில் குடித்தது. குப்பி நிறைந்தது. பம்பு கனைத்தது, முனகியது, நின்றது.

முதலாளி ஓடிவந்தார். “இன்னைக்கு முறை யாருக்கு?”

விக்டோரியா துணியைக் கீழே வைத்தாள். “எனக்குத்தான். ஆனா நான் ஊத்தல்ல முதலாளி. அண்ணாச்சிதான் காட்டித் தந்தாரு.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. போதகர் தொண்டையைச் செருமினார். “பிள்ளை சொல்லது சரிதான். நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்.”

“நீரா ஊத்தினீரு?” என்றார் முதலாளி.

“ஊத்தினேன்னா…” முத்துநாயகம் வாளியைப் பார்த்தார். “ஊத்தப்படாதுன்னு சொல்லத்தான் ஊத்தினேன்.”

நீங்கள் சிரிக்கிறீர்கள். இதை நாளைக்கு யாரிடமாவது சொல்லிக் காட்டுவீர்கள். அதற்கு முன் உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று ஒருதரம் குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் பம்பைப் பிரித்தார்கள். உள்ளே எண்ணெய் தண்ணீரோடு கலந்து மோர் நிறத்தில் இருந்தது. கிருஷ்ணமணியைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட ஆள் போயிற்று. அவன் கடியப்பட்டணத்தில் மீன் லாரியில் சேர்ந்திருந்தான், வர மாட்டேன் என்று சொல்லிவிட்டான். யாருக்கும் வேலை போகவில்லை. சுவரில் முத்துநாயகம் புதிதாக எழுதினார்: ‘ஊற்றக்கூடாது என்று ஊற்றிக் காட்டக்கூடாது.’ சாயங்காலம் விக்டோரியா வால்வை அடைத்தாள், துணியைப் பிழிந்தாள். அவர் பெயிண்டு டப்பாவோடு மேசைப் பக்கம் வந்தார்.

“ஏட்டி, இது மட்டும் சிந்திச்சுன்னு வை…”

அவள் டப்பாவை வாங்கிக் கீழே வைத்துவிட்டுத் துடைக்கத் தொடங்கினாள்.