வாங்க, தாராளமா வாங்க

இரண்டாவது வேன் கேட்டுக்குள் நுழைந்தபோது யாமினி சமையலறை ஜன்னலில் நின்றிருந்தாள்.

கூரை முழுக்கப் பலூன். பிரியாணி வாசனை வண்டிக்கு முன்னாலேயே இறங்கி வந்துவிட்டது.

"பியாட்ரிஸ் ஆன்ட்டி, இவங்க யாரு?"

சமையல்கார பியாட்ரிஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "என்னைக் கேட்டா? போனை எடுத்தது நீ."

யாமினி பினாங்கிலிருந்து பெங்களூர் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆஸ்டின் டவுனில் உள்ள இந்தக் குழந்தைகள் இல்லத்தில் சம்பளமில்லாமல் வேலை பார்க்கப் போகிறேன் என்று பாங்க் உத்தியோகத்தை உதறிவிட்டு வந்தவள். சீக்கிரமே அழுதுகொண்டு திரும்புவாள் என்று அவள் அண்ணன் சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் பந்தயம் கட்டியிருந்தான். இல்லத்தை நடத்தும் சம்பூர்ணம் மேடமும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். "கொஞ்ச நாள் பார்ப்பேன். சரிப்படலைன்னா ஏர்போர்ட்டுக்கு நானே ஆட்டோ பிடிச்சுக் குடுப்பேன்." சொன்ன கையோடு ஆபீஸ் போனை இவளிடம் திணித்துவிட்டு, கோலார் தங்கவயலில் கல்யாணம் என்று கிளம்பிப் போய்விட்டார்.

போன் ஓயாமல் அடித்தது. எல்லோருக்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் வேண்டும். குழந்தைகளுக்குச் சோறு போடுகிறேன் என்பவரிடம் வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? "வாங்க, தாராளமா வாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எத்தனை பேரிடம் என்பதுதான் இப்போது ஞாபகம் வரவில்லை.

முதலில் வந்தவர் பாலசுப்ரமணியன். அம்மாவின் திதி. வாழையிலை, வடை, பாயசம் என்று தடபுடல் பண்ணிவிட்டார். சாப்பிட்டு முடித்த குழந்தைகள் இரை விழுங்கிய மலைப்பாம்புகளாகக் கூடத்தில் கிடந்தார்கள். அவர் கிளம்புகிற வழியாக இல்லை. வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணாரப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பலூன் வேனிலிருந்து சௌம்யா இறங்கினாள். இடுப்பில் ஒரு வயது மகன். பின்னால் கேமராவும் கையுமாகக் கணவன் சஞ்சய்.

"குழந்தைங்கல்லாம் எங்க? பாவம், பசியோட காத்திருப்பாங்களே?"

"பிரேயர்ல இருக்காங்க" என்றாள் யாமினி. வந்த வாரமே கடவுள் பேரில் பொய்.

அவர்களை ஆபீஸ் அறையில் உட்கார வைத்துவிட்டுக் கூடத்துக்கு ஓடினாள்.

"எல்லாரும் எழுந்திருங்க லா. வாசல் மரத்தைச் சுத்தி ஓடுங்க. பசி எடுக்கணும்."

அதிதிக்கு எட்டு வயது. விருந்து விஷயங்களில் அவள் சீனியர். படுத்தபடியே விசாரித்தாள். "வந்திருக்கறது திதியா, பர்த்டேயாக்கா?"

"பர்த்டே."

"கேக்குக்கு எடம் இருக்கு. பிரியாணியை நாளைக்குக் கொண்டு வரச் சொல்லுங்க லா." யாமினியின் பினாங்கு 'லா' அதற்குள் அவளுக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

கெஞ்சிக் கூத்தாடி ஓட வைத்தாள். அதைப் பார்த்த பாலசுப்ரமணியனுக்கு நெஞ்சு இளகிவிட்டது.

"எப்படித் துள்ளுதுங்க பாருங்க. இன்னும் பசி அடங்கல போலிருக்கே."

மிச்சமிருந்த பாயசத்தை ஆளுக்கு இன்னொரு டம்ளர் ஊற்றி, தன் கையாலேயே குடிக்க வைத்தார். அதோடு சரி. அதற்கப்புறம் ஓட என்ன, உட்காரக்கூட யாராலும் முடியவில்லை.

ஆபீஸ் அறையில் சௌம்யாவின் குரல். "பிரேயர் இன்னும் முடியலையா?"

தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடும் சத்தம் கேட்டது. யாமினி கேட்டைத் தாண்டினாள்.

"தம்பிங்களா, பிரியாணி..."

அடுத்த வார்த்தைக்கு முன் பேட் கீழே விழுந்துவிட்டது.

பையன்கள் ஆபீஸ் அறையிலேயே வரிசையாக உட்கார்ந்தார்கள். பிறந்தநாள் பாட்டைக் கூரை அதிரப் பாடினார்கள். சௌம்யா பரிமாறினாள், சஞ்சய் படமாக எடுத்துத் தள்ளினான். எல்லாம் கூடி வந்துவிட்டது என்று யாமினி மூச்சு விட்ட நேரத்தில் ஒருவன் கையைத் தூக்கினான்.

"ஆன்ட்டி, எங்கம்மாவுக்கு ஒரு பார்சல்."

சௌம்யாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "அம்மா இருக்காங்களா கண்ணா?"

"இருக்காங்களே. அதோ, எதிர் மாடியில துணி காயப்போடறாங்க."

ஜன்னல் பக்கம் கையை ஆட்டினான். எதிர் மாடியிலிருந்து அம்மாவும் கையை ஆட்டினாள்.

சௌம்யா யாமினியைப் பார்த்தாள். யாமினி மின்விசிறியைப் பார்த்தாள். வாசலில் ஹாரன் சத்தம்.

மூன்றாவது வேன். ஒரே நிற டீ ஷர்ட்டில் ஒரு ஆபீஸே இறங்கியது. தலைவர் விஜய்குமார், புதிதாகப் ப்ரமோஷன் கிடைத்தவர். சப்பாத்தி, குருமா, டப்பா டப்பாவாக ஐஸ்கிரீம்.

"மேடம், ஐஸ்கிரீம் உருகுது. சீக்கிரம் உக்கார வைங்க."

"இன்னிக்கு லஞ்ச் எங்களோடது" என்றாள் சௌம்யா, கரண்டியும் கையுமாக வெளியே வந்து.

"எங்கம்மா திதிம்மா. தள்ளிப் போட முடியாது" என்றார் பாலசுப்ரமணியன்.

"பர்த்டேயை மட்டும் தள்ளிப் போடலாமா அங்கிள்?"

"ப்ரமோஷனைத் தள்ளிப் போட்டா கம்பெனி கேன்சலே பண்ணிடும் சார்" என்றார் விஜய்குமார்.

அந்த நேரம் பார்த்து ஓர் ஆட்டோ வந்து நின்றது. பட்டுப் புடவையில் சம்பூர்ணம் மேடம்.

யாமினி முந்திக்கொண்டாள். "தப்பு என் மேலதான் மேடம். மூணு பேர்கிட்டயும் நான்தான் வரச் சொன்னேன்."

மேடம் வந்தவர்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஜோகுபாளையத்துல எங்க முதியோர் இல்லம் இருக்கு. அங்க இன்னும் யாரும் சாப்பிடல. வண்டியை அப்படியே அங்க விட்டுடலாமா?"

"பெரியவங்களா?" சௌம்யா இழுத்தாள். "பிரியாணில்லாம் சாப்பிடுவாங்களா?"

"எலும்பைக்கூட விட மாட்டாங்கம்மா. பாட்டும் பாடுவாங்க. உங்க பையனைக் கீழேயே விட மாட்டாங்க, பாருங்க."

பாத்திரங்கள் திரும்ப ஏறின. மீந்த வடையோடு பாலசுப்ரமணியனும் ஏறிக்கொண்டார். மேடம் வேன்களை ஒரு தடவை பார்த்தார். யாமினியை ஒரு தடவை பார்த்தார். உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினார்.

"வந்து பேசறேன்."

வண்டிகள் போயின. அண்ணன் ஜெயித்துவிட்டான். யாமினி அறைக்குப் போய்ப் பெட்டியை இழுத்து, துணிகளை அள்ளிப் போட ஆரம்பித்தாள்.

பியாட்ரிஸ் ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வாசற்படியில் வந்து நின்றாள். "இன்னாத்துக்குப் பெட்டி?"

"மேடம் தலையாட்டினதைப் பார்த்தீங்கல்ல, ஆன்ட்டி? மூணு வண்டி வந்துடுச்சே."

"அதான் மேடத்துக்கும் வருத்தம்" என்றாள் பியாட்ரிஸ். "கெழவங்களுக்கு சோறு போட எவன் தேடி வர்றான் சொல்லு? புதுசா வர்ற ஃபாரின் புள்ளைங்க கையில போனைக் குடுத்துட்டு மேடம் கல்யாணத்துக்குப் போறதே அதுக்குத்தான். போன வாட்டி வந்த ஜெர்மனிக்காரிக்குத் தமிழே தெரியாது, அவ அஞ்சு வண்டி வரவழைச்சா."