பின்சக்கரப் பிடிவாதக்காரர்

மனிதர்களில் பின்சக்கரப் பிடிவாதக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நாய்களைச் சேர்க்காமல் நானூற்றுப் பன்னிரண்டு பேர் வாழ்கிற எங்கள் ஆர்லின் வெல்ஸில் மட்டும் இந்த இனத்தார் ஏழு பேர் தேறுவார்கள். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். முதுகு திறந்த பிக்கப் டிரக் வைத்திருப்பார். டிரக்குக்கு நாலு சக்கரமும் இருக்கும். ஆனால் இன்ஜின் சுழற்றுவது பின்னால் இருக்கிற இரண்டை மட்டும்தான். முன்னால் இருக்கிற இரண்டும் பெண் பார்க்கப் போகும்போது கூட வருகிற பெரியப்பா மாதிரி சும்மா கூட வரும். சேறும் மணலும் மலைப்பாதையுமாகக் கிடக்கிற இந்த நெவாடாவில் புத்தியுள்ளவர்கள் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியாகப் பார்த்து வாங்குவார்கள். இவர் வாங்க மாட்டார். ஏன் வாங்க மாட்டார்? அதை மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் சாயங்காலம் வரை சொல்லுவார்.

வெண்டல் ஸ்ட்ரௌட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்டச் சாலைத் துறையில் மண் ரோட்டைச் சமன் செய்கிற இயந்திரம் ஓட்டுகிறவர். வாரத்தில் ஐந்து நாள் மேடு பள்ளத்தை நிரவுவார். மீதி இரண்டு நாள், தான் இன்னும் நிரவாத ரோடு எங்கே இருக்கிறது என்று தேடிப் போவார். அவருடைய டிரக்கை அவர் வாங்கி இருபத்துமூன்று வருஷம் ஆகிறது. அதில் கம்பெனிக்காரன் வைத்து அனுப்பியது என்று இப்போது மிஞ்சியிருப்பது ஹாரன் ஒன்றுதான். ஸ்பிரிங்கை மாற்றி, வண்டியை ஒரு முழம் உயர்த்தி, உயர்த்தியதால் டயர் சின்னதாகத் தெரிகிறதே என்று பெரிய டயர் போட்டு, பெரிய டயர் போட்டதால் மட்கார்டு உரசுகிறதே என்று அதை அறுத்து, அறுத்த இடத்தில் சேறு தெறிக்கிறதே என்று ரப்பர் கட்டி, அடிவயிற்றில் கல் இடிக்காமலிருக்க இரும்புத் தகடு அடித்து, தகட்டின் எடையால் வண்டி இறங்கிவிட்டதே என்று மறுபடியும் ஸ்பிரிங்கிலிருந்து ஆரம்பித்து, இப்படியே இருபத்துமூன்று வருஷம் ஓடிவிட்டது. இவ்வளவுக்கும் ஆன செலவில் நாலு சக்கர வண்டி ஒன்றரை வாங்கியிருக்கலாம். யாரும் அவரிடம் சொல்வதில்லை. அவர் மனைவி மார்வா அந்த வண்டியில் ஏறுவதற்கென்று ஒரு பால் கூடையைக் கையோடு கொண்டுபோகிறார். கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி, பிறகு வண்டியில் ஏறுவார். இறங்கும்போதும் அப்படியே.

இதெல்லாம் எதற்காக? ஒரே ஒரு கேள்விக்காக. சனிக்கிழமை காலையில் வெண்டல் பெட்ரோல் போட வந்தால், போட்டு முடித்தும் நகர மாட்டார். கண்ணாடியைத் துடைப்பார். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைப்பார். வெளியூர்க்காரன் எவனாவது வந்து பக்கத்தில் நிற்க வேண்டும். நின்று, டயரைப் பார்த்து, உயரத்தைப் பார்த்து, வாயைத் திறக்க வேண்டும்.

"ஏங்க, இது ஃபோர் வீல் டிரைவ்தானே?"

வெண்டல் கண்ணாடியை இன்னொரு தடவை துடைப்பார். துணியை மடிப்பார். மலையைப் பார்ப்பார்.

"இல்ல தம்பி. ரெண்டுதான்."

"ரெண்டா? இதை வச்சுக்கிட்டா அந்த மேல் பாதையில போவீங்க?"

"போயிட்டுதான் வர்றேன்."

அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க அவருக்குச் சாப்பாடு நன்றாக இறங்கும்.

இந்த இனத்தாரின் சாத்திரம் சின்னது. வண்டி முக்கியமில்லை, ஓட்டுகிறவன்தான் முக்கியம். மோசமான இடம் வந்தால் இறங்கி நடந்து பார்க்க வேண்டும். கல்லை உதைக்க வேண்டும். மண்ணை எடுத்துக் கசக்க வேண்டும். மோந்து பார்ப்பது அவரவர் விருப்பம். டயரில் காற்றைப் பாதிக்கு இறக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், பின்பாரம். பின்சக்கரத்துக்கு மேல் நல்ல கனம் இருந்தால்தான் அது மண்ணைக் கவ்வும். அதற்காகச் சிலர் மணல் மூட்டை போடுவார்கள், சிலர் பழைய இன்ஜினைப் போடுவார்கள். வெண்டல் இரண்டு பெரிய நீலப் பீப்பாய் நிறையத் தண்ணீர் பிடித்துக் கட்டிக்கொண்டு போவார். 'மாட்டிக்கொண்டேன்' என்ற சொல் இவர்கள் அகராதியில் கிடையாது. அச்சு வரை சேற்றில் இறங்கியிருந்தாலும் 'சும்மா நிறுத்தியிருக்கிறேன்' என்பார்கள்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மச்சினன் எப்படி இருப்பான்? நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் வைத்திருப்பான். மார்வாவின் தம்பி ராஸ்கோ ஆள் வாட்டசாட்டம், வீடு வீடாகக் கேஸ் சிலிண்டர் போடுகிறவன். சேறு வந்தால் ஒரு பட்டனை அழுத்துவான், போய்விடுவான். இறங்கிப் பார்க்க மாட்டான். மண்ணை மோந்து பார்க்க மாட்டான். வெண்டலுக்கு இதைக் காண வயிறு எரியும்.

போன வருஷம் பிப்ரவரியில், தீயணைப்பு நிலையத்தில் ஊரே கூடிச் சில்லி என்கிற காரமான பீன்ஸ் குழம்பும் சோள ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ராஸ்கோ வாயைக் கொடுத்தான்.

"அத்தான், இழுவைக் கயிறு புதுசா வாங்கியிருக்கேன். உங்களுக்காகத்தான். இன்னும் பிரிக்கவே இல்ல."

"அப்படியே வச்சிரு மாப்ளே. உன் பேரனுக்கு ஆகும்."

"ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் என் கயித்துல மாட்டத்தான் போறீங்க."

வெண்டல் கரண்டியோடு எழுந்து நின்றுவிட்டார். "எல்லாரும் கேட்டுக்கங்க. என்னைக்கு ஒருத்தன் என் வண்டியைக் கயிறு போட்டு இழுக்கிறானோ, அன்னைக்கே இதை வித்துட்டு, மறுநாள் நாலு சக்கர வண்டி ஒண்ணு வாங்குறேன். சத்தியம்."

மார்வா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "முப்பது பேர் கேட்டாச்சு, வெண்டல். உட்காந்து சாப்பிடு" என்றார்.

மே மாதக் கடைசித் திங்கள் நினைவு நாள். அன்று ஊரே மலைமேல் பழைய மின்டா சுரங்கத்துக்குப் போகும். சுரங்கம் எப்போதோ மூடியாகிவிட்டது. கல்லறைத் தோட்டம் மட்டும் இருக்கிறது, அதில் எல்லாருக்கும் யாராவது இருக்கிறார்கள். புல் பிடுங்கி, போருக்குப் போய் இறந்தவர்களுக்குச் சின்னக் கொடி நட்டு, காபி டப்பாக்களில் பூ வைத்து, பிறகு கொண்டுவந்ததைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு இறங்குவார்கள். வழியில் ஒரு வறண்ட ஓடையைக் கடக்க வேண்டும். காலையில் வெண்டல் அதில் இறங்கி ஏறியதைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். பின்னால் இரண்டு பீப்பாய் தண்ணீர். டயர் கவ்விக்கொண்டு ஏறியது. மேட்டில் நிறுத்தி, கீழே வருகிற ராஸ்கோவைக் கண்ணாடியில் பார்த்து ஒரு விரலால் தொப்பியைத் தொட்டார்.

மேலே போனால் லைலக் பூச்செடியெல்லாம் வாடிக் கிடக்கிறது. பூ வைத்த டப்பாவுக்கும் தண்ணீர் இல்லை. பாதிரியார் கையைப் பிசைந்தார். அப்போது வெண்டல் பீப்பாயின் மூடியைத் திறந்தார்.

"எடுத்துக்கங்க. இதுக்குத்தானே கொண்டு வந்தேன்."

இதுக்குத்தானா? ஆனால் எல்லாரும் "வெண்டல் மாதிரி முன்யோசனை யாருக்கு வரும்" என்று சொல்லும்போது மனுஷன் என்ன செய்வார்? செடிக்கு ஊற்றினார். டப்பாவுக்கு ஊற்றினார். கல்லறைக் கல்லைக் கழுவக் கொடுத்தார். கேட்காதவர்களையும் கூப்பிட்டு வாளியை நிரப்பினார். கர்ணன் கூடக் கேட்ட பிறகுதான் கவச குண்டலத்தைக் கழற்றினான். கடைசிச் சொட்டு வரை கவிழ்த்துவிட்டு, கையை உதறிக்கொண்டு, மார்வா ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்பு அப்பத்தில் இரண்டாவது துண்டை வாங்கிக்கொண்டார். அந்தச் சமயத்தில் மலை உச்சியில் ஒரு பத்து நிமிஷம் மழை பெய்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இறங்கும்போது வெண்டல்தான் முதலில். எப்போதும் அவர்தான் முதலில். பின்னால் ஒன்பது வண்டி. ஓடைக்கு வந்தால், காலையில் கல் மாதிரி இருந்த களிமண் இப்போது அல்வா. வெண்டல் இறங்கினார், மண்ணைக் கசக்கினார், மோந்து பார்த்தார், காற்றை இறக்கினார், ஏறி உட்கார்ந்து ஓடைக்குள் விட்டார். நடுவரைக்கும் நன்றாகத்தான் போயிற்று. அதற்கு மேல் இன்ஜின் சத்தம் மட்டும் போயிற்று, வண்டி போகவில்லை. பின்சக்கரம் இரண்டும் இருந்த இடத்திலேயே சுழன்றன. வெண்டல் கண்ணாடியில் பார்த்தார். பின்னால் இரண்டு நீலப் பீப்பாயும் காலியாக உருண்டுகொண்டிருந்தன.

அப்போதுதான் அவருக்குப் புத்தியில் உறைத்தது.

ராஸ்கோ சேற்றில் சப்பக் சப்பக் என்று நடந்து வந்தான். அவசரமே இல்லை அவனுக்கு.

"என்ன அத்தான், மாட்டிக்கிட்டீங்களா?"

"இல்ல. நிறுத்தியிருக்கேன்."

"ஓடை நடுவுலயா?"

"வெளிச்சம் நல்லாருக்கு. மலையைப் பாத்துட்டிருக்கேன்."

"பாருங்க, பாருங்க. பின்னாடி ஒன்பது வண்டி நிக்குது, அவங்களும் பாக்கட்டும். கயிறு வண்டியிலதான் இருக்கு, எடுத்துட்டு வரவா?"

"ரெண்டு கல்லு வச்சா ஏறிடும். நீ போ."

வெண்டல் இறங்கிக் கல் பொறுக்கி வந்து சக்கரத்தடியில் வைத்தார். வண்டி அந்தக் கல்லைப் பின்னால் துப்பியது. மறுபடியும் வைத்தார். மறுபடியும் துப்பியது. மூன்றாவது தடவை அவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கையால் சேற்றைத் தோண்ட ஆரம்பித்தார். தலைக்கு மேலே அவர் அடித்த தகடு, அவர் பற்றவைத்த பட்டை, அவர் இரண்டு தடவை கழற்றி மூன்று தடவை மாட்டிய ஸ்பிரிங். உண்மையைச் சொன்னால், அந்த மனிதருக்கு அழுகை வந்துவிட்டது. நாளைக்கு இந்த வண்டியை யாரோ வாங்கிப்போய், இதன் முதுகில் வைக்கோல் ஏற்றுவான். ஸ்பிரிங்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டான்.

வெண்டல் அடியில் கிடந்ததால், மேலே நடந்ததை அவர் இன்று வரை அறியமாட்டார். நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

ராஸ்கோ கொண்டுவந்த கயிற்றின் கொக்கி தரையில் இழுபடுகிற சத்தம் கேட்டதும், வண்டிக்குள் இருந்த மார்வா பால் கூடையை எடுத்துப் போட்டு இறங்கினார். நேரே பின்பக்கம் போனார். கூடையைக் கவிழ்த்தார். டிரக்கின் முதுகில் ஏறி, காலியான அப்பத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"டேய் ராஸ்கோ. கயித்தைச் சுத்து. மேல ஏறி உட்காரு."

"அக்கா, இருபத்திரண்டு வருஷமாக் காத்துக்கிட்டிருக்கேன்."

"தெரியும். ஏறு."

"நீதானே இந்த வண்டி ஒழிஞ்சா நிம்மதின்னு சொன்னே?"

மார்வா குரலைத் தணித்தார். "யோசிச்சுப் பாருடா. இதுல அந்த மனுஷன் செய்யறதுக்கு இனிமே ஒண்ணுமே பாக்கி இல்ல. நேத்து சாயங்காலம் வீட்டுக்குள்ள வந்து என்கூட உட்காந்து பட்டாணி உரிச்சான். நாளைக்குப் புது வண்டி வந்துச்சுன்னா, ஸ்பிரிங்ல இருந்து மறுபடியும் ஆரம்பிப்பான். எனக்கு இன்னொரு இருபத்திரண்டு வருஷம் தாங்காது."

ராஸ்கோ கயிற்றைப் பார்த்தான்.

"அதுவும் நாலு சக்கரம்" என்றார் மார்வா. "தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். தினம் சாயங்காலம் சந்தேகம் கேக்க உன் வீட்டுக்குத்தான் வருவான்."

ராஸ்கோ கொக்கியைத் தரையிலிருந்து தூக்கினான். பிறகு கயிற்றைச் சுற்றினான். புதுக் கயிறு, பாவம், ஒழுங்காகச் சுற்ற வரவில்லை. அவன் ஏறியபோது டிரக் ஒரு பக்கம் முனகிக்கொண்டு இறங்கியது. அவனைப் பார்த்துப் பாதிரியார் ஏறினார். பின்வண்டிகளிலிருந்து இன்னும் ஒன்பது பேர், கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்ட தபால் நிலையத்து அம்மாள் உட்பட, ஏறினார்கள். வெண்டல் வெளியே வந்து முகத்தைத் துடைத்தபோது டிரக்கின் முதுகில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"இது இழுக்கிறதுல சேருமா?" என்றார் வெண்டல் மெதுவாக.

"கயிறே இல்லையே, எப்படிச் சேரும்?" என்றார் மார்வா. "சீக்கிரம் ஓட்டு, கால் மரத்துப்போச்சு."

ஓட்டினார். சக்கரம் முதலில் சுழன்றது. சேறு மட்கார்டு இல்லாத இடத்து வழியாக எழும்பி, ரப்பரையும் தாண்டி, பன்னிரண்டு பேர் மேலும் விழுந்தது. பிறகு கவ்வியது. வண்டி மேடேறியது.

இது நடந்து ஒரு வருஷமாகிறது. பெட்ரோல் போடுகிற இடத்தில் வெண்டல் இன்றும் கண்ணாடி துடைக்கிறார். மின்டா ஓடையை வெறும் இரண்டு சக்கரத்தில் ஏறிய கதையைச் சொல்கிறார்: மண்ணை எப்படிப் பார்த்தார், காற்றை எவ்வளவு இறக்கினார், எந்த இடத்தில் முடுக்கினார், எந்த இடத்தில் விட்டார். "என்னை இன்னிக்கு வரைக்கும் ஒருத்தன் இழுத்ததில்ல தம்பி. எல்லாம் சொந்தக் கையில." பன்னிரண்டு பேர் கதையில் வருவதில்லை. பின்பாரம் என்று ஒரே வார்த்தையில் வந்துவிடுகிறார்கள். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் ஞாபகம்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். உங்களிடம் டிரக் கிடையாது, எங்கள் ஊர்ச் சேறும் கிடையாது. ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன். 'யார் தயவும் இல்லாமல், என் சொந்த முயற்சியில் மேலே வந்தேன்' என்று நீங்கள் கடைசியாக எப்போது சொன்னீர்கள்? போன வாரமா, விருந்தாளி வந்திருந்தபோதா? அப்போது உங்கள் வீட்டில் ஒருவர் எழுந்து உள்ளே போனாரே, கவனித்தீர்களா? முகத்தில் தெறித்த சேற்றைக் கழுவத்தான் போயிருப்பார்.