பால் மணி அடித்த கிராணி

முப்பது வயதில் என்னைவிடப் பெரிய மடையன் மலாயாவின் ஜொகூரில் இருந்திருக்க முடியாது. அதிலும் நான் சீனியர் கேம்பிரிட்ஜ் தேறிய மடையன். படிக்காத மடையனுக்கு நாலு பேர் புத்தி சொல்வார்கள். என்னிடம் யாரும் நெருங்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. சிம்பாங் ரெங்கத்துக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக, இருந்தேன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஆங்கிலம், தொப்பி (குளிக்கும்போது மட்டும் கழற்றுவேன்). தாய்மார் ரப்பர் மரங்களில் பால் வெட்டப் போனதும், லயம் என்ற கூலி வீட்டு வரிசைகளின் பிள்ளைகள் ஓடத் தொடங்குவார்கள். பாக்கு மட்டையில் ஒருவனை உட்கார வைத்து இழுப்பார்கள், ஓடையில் குதிப்பார்கள். கண்காணிக்க ஓர் ஆளில்லை. காட்டுக் கூட்டம் என்று முகம் சுளித்தேன். என் ஏழு வயது மகன் ராசன் விறாந்தையை விட்டு இறங்கக் கூடாதென்று கட்டளையிட்டேன். அங்கே என்ன விளையாடுவது என்று கேட்டான். "யோசி" என்றேன்.

ஒரு நாள் காலை தேநீருக்கு வீட்டுக்கு வந்தால், விறாந்தை வெறுமையாகக் கிடந்தது.

"பிள்ளை எங்கை?"

"வெளியிலை விளையாடுறான். பசிச்சா வருவான்" என்றாள் மனைவி, தேங்காய் துருவியபடியே.

"ஆர் பாத்துக்கொண்டு நிக்கிறது?"

"அவன் என்ன அடுப்பிலை வச்ச பாலே, பொங்குதோ எண்டு பாத்துக்கொண்டு நிக்க?"

எனக்குப் பாம்பும் முதலையும் புலியும் ஒன்றாகக் கண்ணில் தெரிந்தன. ஓடினேன். ஓடைக்கரையில் ராசனின் சட்டை மட்டும் கிடந்தது. பிள்ளையைக் காணோம்.

ஆபீசுக்குத் திரும்பி ஓடி, வாசலில் மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டைச் சுத்தியலால் அடித்தேன். பிள்ளை உயிரோடிருந்தால் கேட்டு வருவான். இல்லையென்றால் ஆட்களாவது தேட வருவார்கள்.

அந்த மணிக்குத் தோட்டத்தில் ஒரே அர்த்தம்தான். மரங்களில் பால் வடிந்து ஓய்ந்தது, எடுக்கலாம். நேரம் பார்த்து அதை அடிக்கச் சொல்வதே என் வேலை. அதைத்தான் நான் மறந்திருந்தேன்.

யாரும் வரவில்லை. இன்னும் பலமாக அடித்தேன். நான் அடிக்க அடிக்க, தோட்டம் முழுவதும் ஆட்கள், மரத்தில் பால் சொட்டிக்கொண்டிருந்த மங்குக் கிண்ணங்களை எடுத்து வாளியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளும் வழக்கம்போல் விளையாட்டை விட்டுவிட்டுத் தாய்மாருக்கு உதவ ஓடியிருந்தார்கள். என் மகனை நானே மணியடித்துத் தூர விரட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஆட்கள் வந்தார்கள், பால் நிறுக்க. வாளிகளில் பாதிகூட இல்லை. முன்னால் சட்டையில்லாமல், முழங்கை வரை பால் காய்ந்து வெளுத்துப்போய், பால் வெட்டும் மாரியாயியின் வாளியில் ஒரு கை கொடுத்தபடி ராசன்.

"என்னங்க கிராணி ஐயா, இவ்ளோ வெள்ளன மணி அடிச்சிட்டீங்க? மரமெல்லாம் இன்னும் ஒழுவுதுங்க!" என்றாள் மாரியாயி.

தோட்டத்து மேனேஜரான வெள்ளைக்காரத் தொரை வந்துவிட்டார். தோட்டத்துத் தமிழிலேயே கத்தினார். "யாரு மணி அடிச்சது?"

நான் சுத்தியலை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"எங்கப்பாதான்!" என்றான் ராசன் பெருமையாக.

நான் ஆங்கிலத்தில் நீண்ட விளக்கம் கொடுத்தேன். தொரை தமிழிலேயே பதில் சொன்னார்: "ஒன் புள்ள கெடச்சிட்டான். பாலு கெடைக்குமா?"

பால் குறைந்ததால் வெட்டியவர்களுக்கெல்லாம் அன்று அரைப் பேர், அதாவது பாதிக்கூலி. மணியடித்த எனக்கு வசவு மட்டும், சம்பளம் முழுசு. 'என் சம்பளத்தில் பிடியுங்கள்' என்று சொல்லியிருக்கலாம். அத்தனை ஆங்கிலம் படித்தும் அந்த ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை.

அன்று மாலை மனைவி தீர்ப்புச் சொன்னாள். "இனி அவன் வெளியிலை போகட்டும். நீங்கள் போகேக்கைதான் பின்னாலை ஆளனுப்பவேணும்." மறுநாள் முதல் ராசன் லயத்துப் பிள்ளைகளோடுதான் ஓடினான்.

இன்று ராசனுக்கே வழுக்கை விழுந்துவிட்டது. பேரப்பிள்ளைகள் வெளியே விளையாடப் போய், நான் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தால் போதும், "அலமாக்! அப்பா கையில சுத்தியல் இருக்கான்னு பாருங்க!" என்று உள்ளேயிருந்து மலாய் கலந்து கத்துவான். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அரைப் பேர் வாங்கியவர்கள் ஒருவரும் அங்கே இல்லாததால்தான் என்னால் சிரிக்க முடிகிறது.