எட்டு இறக்கைப் பெட்டி

ஒரு ஊர் இருந்ததாம். ஊரைச் சுற்றி ஏரியாம். ஏரிக்கரையில் ஒரு புருஷனாம், அவனுக்கு வாய்த்தவள் ஒருத்தியாம். புருஷன் பேர் டெல்மர். பெண்டாட்டி பேர் லவோன்.

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் வடக்குப் பகுதியில், அரை வருஷம் பனி, மிச்ச அரை வருஷம் கொசு என்று இருக்கிற ஊர் அது. பனிக்காலத்தில் வெளியே தலைகாட்ட முடியாது. ஆகவே ஆண்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து தீர்மானம் போடுவார்கள். டெல்மரும் ஒன்று போட்டான்.

"லவோன், நான் முடிவு பண்ணிட்டேன்."

"போன வாரத்து முடிவா, புதுசா?"

"புதுசு. நாம ஏர் ஃப்ரையர் வாங்கறோம்."

"சரி."

டெல்மருக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. மாட்டேன் என்பாள், சூடான காற்றிலேயே பொரிக்கும், எண்ணெய் மிச்சம், உடம்புக்கு நல்லது என்று வரிசையாக எடுத்து விடலாம் என மூன்று நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தான். சண்டைக்கு வரிந்துகட்டி வந்தவனை வாசலிலேயே மாலை போட்டு வரவேற்றால் எப்படி இருக்கும்?

"சரின்னா?"

"சரின்னா சரிதான். நானும் அதையேதான் நினைச்சேன். சின்னதா ஒண்ணு."

"சின்னதாவா!"

"பிள்ளைங்க பட்டணத்துல. நாம ரெண்டே பேர். வேற என்ன, யானையா வளர்க்கறோம்?"

இங்கேதான் வந்தது வம்பு. டெல்மர் மனசு வைத்திருந்தது கடையில் நடுநாயகமாக வைத்திருந்த ராட்சசப் பெட்டி மேல். இரண்டு இழுப்பறை. கண்ணாடி ஜன்னல். உள்ளே விளக்கு. முகப்பில் விமானி அறை மாதிரி பொத்தான்கள். அதன் முன்னால் நின்றபோது டெல்மர் தொப்பியைக் கழற்றிவிட்டான். தேவாலயத்தில்கூட அவ்வளவு சீக்கிரம் கழற்றியதில்லை.

மறுநாள் இருவரும் கடைக்குப் போனார்கள்.

"இதுல முழு வான்கோழி போகும், லவோன்."

"வருஷத்துல எத்தனை தரம் வான்கோழி சாப்பிடறோம்?"

"நன்றித் திருநாளுக்கு."

"அன்னிக்கு உங்க அக்கா வீட்டுலதானே சாப்பிடறோம்?"

"அக்காவுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"அக்கா செத்த வீட்டுல நின்னு வான்கோழி பொரிக்கப் போறியா நீ?"

பக்கத்தில் வாணலி பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் தள்ளிப் போய் நின்றாள்.

டெல்மர் விடவில்லை. "இதுல ரெண்டு அறை இருக்கு. இந்தப் பக்கம் மீன், அந்தப் பக்கம் கிழங்கு."

"இதை எங்க வைப்ப?"

"அடுப்பு மேடையில."

"மேடையில காபி மெஷின் இருக்கு."

"அதைத் தூக்கி வேற எங்கயாவது..."

சொல்லும்போதே டெல்மருக்குத் தான் எல்லை மீறிவிட்டது தெரிந்தது. அந்த ஊர்ப் பக்கத்தில் ஒருவன் மதம் மாறலாம், கட்சி மாறலாம். காபி மெஷினை இடம் மாற்றக்கூடாது.

லவோன் கோபப்படவில்லை. அவள் கோபப்படவே மாட்டாள். அதுதான் டெல்மருக்குப் பயம். மூலையில் இருந்த ஒரு குட்டிப் பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தாள். ரொட்டி டப்பா அளவுதான் இருக்கும். கூடையை இழுத்து உள்ளே விரலால் தடவினாள். மூலையில் அழுக்குச் சேர இடமில்லை. மூடிப் பார்த்தாள். கழற்றிப் பார்த்தாள்.

"இதுல எட்டு கோழி இறக்கை கொள்ளும்," என்றாள்.

"எட்டா! எட்டை வச்சு என்ன பண்றது? மோந்து பாக்கறதா?"

"முதல்ல இதை வாங்குவோம், டெல்மர். பத்தலைன்னா திருப்பிக் குடுத்துட்டு உன் வான்கோழி மாளிகையை வாங்கிக்கலாம். காபி மெஷினை நானே துணி துவைக்கிற அறையில கொண்டு போய் வைக்கிறேன்."

பத்தலைன்னா! டெல்மர் காதில் தேன் பாய்ந்தது. பத்துவதும் பத்தாததும் கடவுள் கையிலா இருக்கிறது? வருகிறவர்கள் வயிற்றில் அல்லவா இருக்கிறது!

வீட்டுக்கு வந்த அன்று குட்டிப் பெட்டியில் இரண்டு பேருக்கு ஏரி மீன் இரண்டு துண்டு வெந்தது. வீட்டில் புகை இல்லை, எண்ணெய் நாற்றம் இல்லை. மேலே மொறுமொறு, உள்ளே மெத்து. டெல்மர் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டான். கண்ணைத் திறந்ததும், "ரெண்டு பேருக்கு ஓகே," என்றான், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன் மாதிரி. அப்புறம் மெதுவாகத் தூண்டிலைப் போட்டான்.

"ஞாயித்துக்கிழமை டிவியில ஃபுட்பால் ஆட்டம் பாக்க யாரையாவது கூப்பிடலாமா? இறக்கை போடலாம்."

"கூப்பிடலாமே. ஹார்லனையும் மார்லிஸையும் நான் போன் பண்ணிக் கூப்பிடறேன்." ஏரியின் எதிர்க்கரைத் தம்பதி அவர்கள்.

"நான் இங்வால்டைக் கூப்பிடறேன்."

தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த லவோன் நிமிர்ந்தாள். "இங்வால்டையா?"

"பாவம், தனிக்கட்டை."

இங்வால்ட் மாட்டுப் பண்ணைக்காரன். கல்யாணம் ஆகாதவன். அவன் உள்ளே வந்தால் கதவு நிலை குனிந்து வழிவிடும். பள்ளிக்கூட விருந்தில் ஒரு தாம்பாளம் நிறைய கேக்கைத் தனியாளாக முடித்தவன் என்று ஊரில் பேச்சு. டெல்மரின் பீரங்கி அவன்.

"ஆனா ஒரு கண்டிஷன்," என்றான் டெல்மர். "அடுப்பு பத்தவைக்கக் கூடாது. எண்ணெய்ச் சட்டி கூடாது. அத்தனையும் இந்தப் பொட்டியிலதான்."

"சரி."

"நீ நின்னா ஏதாவது தில்லுமுல்லு பண்ணுவ. நானே நிக்கிறேன் பொட்டி பக்கத்துல."

"நீயா? உனக்கு அதெல்லாம் வராது, டெல்மர்."

"ஏன் வராது? பொத்தானை அமுக்கறதுக்குப் பட்டம் படிக்கணுமா?"

"இறக்கையை ஈரம் போகத் துடைக்கணும். இல்லைன்னா வதங்கிடும். கூடையைத் திணிச்சு நிரப்பக் கூடாது, காத்து சுத்தி வரணும். பாதியில இழுத்துக் குலுக்கணும். உனக்குப் பொறுமை இருக்காதுப்பா, விடு."

"இருக்கும்! நான்தான் நிப்பேன்!"

"சரி, உன் இஷ்டம்," என்று பெருமூச்சு விட்டாள் லவோன். ஆணியில் தொங்கிய ஏப்ரனை எடுத்து அவன் கழுத்தில் மாட்டி அளவு பார்த்தாள். கச்சிதமாக இருந்தது.

ஞாயிறும் வந்தது. விருந்தாளிகள் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். மார்லிஸ் சும்மா வரக்கூடாதே என்று இனிப்பு கொண்டு வந்திருந்தாள். ஹார்லன் பனியைப் பற்றிப் பேசினான். இங்வால்ட் ஒரு சோபாவில் உட்கார்ந்தான். அது ஒரு ஆள் சோபா ஆகிவிட்டது.

டெல்மர் எட்டு இறக்கையைக் கூடையில் அடுக்கினான். பெட்டி உறுமியது. மணி அடித்தது. பொன்னிறமாக எட்டும் வந்தன. அடுத்த எட்டைக் கூடையில் போட்டுவிட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே பீரங்கியிடம் போனான். இவன் ஒரே வாயில் எட்டையும் முடிப்பான், அப்புறம் எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு உட்காரட்டும், லவோன் முகத்தைப் பார்க்கிறேன் என்று மனசுக்குள் சிரிப்பு.

"எடுத்துக்கோ, இங்வால்ட்."

"ஐயோ, வேண்டாம்ப்பா. வரும்போதுதான் சாப்பிட்டேன்."

டெல்மருக்குத் திக்கென்றது. அடடா, இதை எப்படி மறந்தான்! அந்த ஊர்க்காரன் எவனும் முதல் தரம் கேட்டதும் எடுக்கமாட்டான். இரண்டாம் தரமும் எடுக்கமாட்டான். மூன்றாம் தரம் கேட்டால்தான் கை நீளும். பெற்ற தாய் கொடுத்தாலும் அதுதான் மரியாதை.

"ஒண்ணாவது எடு."

"இருக்கட்டும். முதல்ல மத்தவங்க எடுக்கட்டும்."

"எட்டையும் எடுத்துக்கோடா, எடு!"

"நீ இவ்வளவு சொல்றப்ப..." இங்வால்ட் ஒன்றே ஒன்று எடுத்தான். இருப்பதிலேயே சின்னதாகப் பார்த்து.

தட்டு மார்லிஸிடம் போனது. "எனக்கு வேண்டாம், ஹார்லனுக்குக் குடு." ஹார்லனிடம் போனது. "அவ எடுக்கட்டும் முதல்ல." மறுபடி மார்லிஸ். "பாதி போதும் எனக்கு." ஒரு இறக்கையைப் பாதியாக்கக் கத்தி வந்தது. இந்த உபசாரம் நடந்து முடிவதற்குள் உள்ளே மணி அடித்தது. அடுத்த எட்டு தயார்!

டெல்மர் ஓடினான். எடுத்தான். துடைத்தான், போட்டான், குலுக்கினான். சுடச்சுட இரண்டாவது எட்டோடு திரும்பி வந்தால் முதல் தட்டில் இன்னும் ஒன்று மீதி இருந்தது. கடைசித் துண்டு. அந்த ஊரில் கடைசித் துண்டைத் தொடுகிறவனுக்குப் பேராசைக்காரன் என்ற பேர் தலைமுறைக்கும் நிற்கும். இங்வால்ட் அதில் பாதியை வெட்டி எடுத்தான். ஹார்லன் மீதியில் பாதி. மார்லிஸ் அதில் பாதி. தட்டு மட்டும் காலியாகவே இல்லை. பெட்டிக்கு அவகாசம் கொடுக்கவென்றே ஆண்டவன் படைத்த ஜனங்கள் மாதிரி இருந்தார்கள்.

மூன்றாவது கூடை வந்தது. நான்காவது வந்தது. எல்லாம் அப்போதுதான் இறக்கியது; ஒன்றுகூட ஆறிப்போகவில்லை. டெல்மர் வியர்த்துப்போய் நின்றான். அப்போது இங்வால்ட் எலும்பைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினான்.

"ரொம்ப மோசமில்ல, டெல்மர்."

அந்த ஊரில் சாப்பாடு விளங்காமல் போனால், "வித்தியாசமா இருக்கே," என்பார்கள். நன்றாக இருந்தால், "மோசமில்ல," என்பார்கள். கட்டிக்கொண்ட அன்று லவோனைப் பார்த்து டெல்மர் சொன்னதே, "மோசமில்ல," தான். அதற்கும் மேல்படியான, ரொம்ப மோசமில்ல என்ற சொல்லை அந்த ஊரில் உயிரோடு இருக்கிறவர்கள் யாரும் தம் காதால் வாங்கியதில்லை.

டெல்மரின் மார்பு ஏப்ரனுக்குள் அடங்கவில்லை.

"இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, பாத்துக்கோ," என்று ஆரம்பித்தான். "ஈரம் இருக்கக் கூடாது. துணியால ஒத்தி எடுக்கணும். எல்லாரும் கூடையைத் திணிச்சு நிரப்பிடறாங்க, அங்கதான் தப்பு. காத்து சுத்தி வரணும்!"

"அப்படியா!" என்றாள் மார்லிஸ். "உனக்கு இதெல்லாம் எப்படிப்பா தெரியும்?"

"சில பேருக்குக் கைவாகு அமைஞ்சிடும்."

லவோன் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

ஹார்லன் மெல்லச் சொன்னான்: "எங்க மாப்பிள்ளை பெரிய பொட்டி வாங்கியிருக்கான். ரெண்டு அறை. கூட்டம்னா அதுதான் வசதி, என்ன?"

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் டெல்மர் வாரம் பூராவும் தவம் கிடந்தான். வரம் வாசலுக்கே வந்துவிட்டது. ஆனால் தன் கையால் ஆன சமையலுக்கு எவனோ ஒருத்தன் மாப்பிள்ளை பங்குக்கு வருவதா?

"பெரிசு எதுக்கு?" என்று பாய்ந்தான். "வீட்டுல இருக்கறது ரெண்டு பேர். சும்மா ஒரு கிழங்கு சுடறதுக்கு லாரியைக் கிளப்பற மாதிரி! அதைக் கழுவக் குளிக்கிற தொட்டிதான் வேணும். உன் மாப்பிள்ளை காபி மெஷினை எங்க வச்சான், கேட்டியா?"

"பனிவண்டி நிறுத்தற கொட்டாய்ல," என்றான் ஹார்லன் வெட்கத்தோடு.

எல்லோரும் வருத்தத்தோடு தலையை ஆட்டினார்கள்.

"பாத்தியா! இது எட்டுதான் கொள்ளும். ஆனா எட்டும் எப்படிச் சிவந்திருக்கு பார்!"

"அப்ப, டெல்மர்," என்றாள் லவோன், பால் குவளையை நகர்த்தியபடி, "நாளைக்குப் பொட்டியைத் திருப்பிக் குடுக்க வேண்டாமா?"

"திருப்பிக் குடுக்கறதா? எவன் சொன்னான்?"

"எவனோ சொன்ன மாதிரி ஞாபகம்."

அப்போதுதான் டெல்மருக்குத் தன் குரலே தன் காதில் விழுந்தது. ராட்சசப் பெட்டி, இரண்டு இழுப்பறை, உள்ளே விளக்கு, எல்லாம் கண் முன்னால் கப்பலேறிப் போயின. திரும்பக் கூப்பிட வாய் திறந்தான். அதற்குள் இங்வால்ட், "இன்னொரு கூடை போடறதா இருந்தா... சிரமம்னா வேண்டாம்," என்றான். டெல்மர் கப்பலை விட்டுவிட்டுக் கூடையைப் பிடித்தான்.

ஆட்டம் முடிந்தது. ஊர் அணி தோற்றது, அது வழக்கம்தான். ஹார்லன் தொடையைத் தட்டி, "சரி, அப்ப..." என்றான். அப்படியென்றால் புறப்படத் தொடங்குகிறார்கள் என்று அர்த்தம். புறப்படுகிறார்கள் என்று அர்த்தமில்லை. கூடத்தில் நின்று ஒரு பேச்சு. பூட்ஸ் மாட்டும்போது ஒரு பேச்சு. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, குளிர் வீட்டுக்குள் குடிவரும்வரை ஒரு பேச்சு. பிறகு டெல்மர் ஏப்ரனோடு கார்வரை நடந்தான். கார்க் கண்ணாடியை இறக்கி இன்னொரு பேச்சு.

"அப்ப அடுத்த ஞாயிறு மீன், சரியா டெல்மர்?" என்றாள் மார்லிஸ்.

"என்ன மீன்?"

"நீ செய்யப்போற மீன்தான். இனிமே ஞாயித்துக்கிழமைன்னா டெல்மர் சமையல்தான், பனி உருகற வரைக்கும் வாங்கன்னு லவோன் சொன்னாளே."

டெல்மர் சிரித்தான். "இன்னிக்கு நான் பண்ணதைப் பாத்துட்டுச் சொல்லியிருப்பா."

"இல்லையே. எங்களைக் கூப்பிட போன் பண்ணினப்பவே சொல்லிட்டா."

கண்ணாடி மேலே ஏறியது. கார் போனது. பின்னாலேயே தன் வண்டியில் இங்வால்டும், "ரொம்ப ரொம்ப மோசமில்ல," என்று கத்திவிட்டுப் போனான். டெல்மர் பனியில் கொஞ்ச நேரம் நின்றான். காது சில்லிட்டதும் உள்ளே வந்தான். அடுப்பு மேடையில் காபி மெஷின் இருந்த இடத்திலேயே இருந்தது. பக்கத்தில் குட்டிப் பெட்டி, அங்கேயே பிறந்து வளர்ந்தது மாதிரி.

"லவோன், உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கூடையைக் கழுவிட்டுக் கேளு," என்றாள் லவோன். "கம்பி நார் போடாதே, பூச்சு உரிஞ்சிடும்." காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.